ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா?

அன்பு மகளுக்கு,

நலம்தானே? இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வந்துவிட்டுப் போனான். மற்றதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன், முதலில் உன் படகின் எஞ்சின்.

நீ போனில் பேசி 22 நாள் ஆகிறது. அன்றைக்கு நீ சொன்னதை ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். புகை கறுப்பாக வருகிறது. கியர் போடாமல் ஐட்லிங்கில் மெதுவாக ஓடும்போது தடுமாறுகிறது. பெட்ரோல் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது. பின்பக்கம் தண்ணீரில் வானவில் மாதிரிப் படலம் மிதக்கிறது. இந்த நாலும் சேர்ந்தால் கலவை ரிச், காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் என்றுதான் நானும் சொல்வேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, சத்தத்தை வைத்தே நீ அதைச் சொல்லிவிட்டாய். போனை வைத்ததும் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஆனால் அடுத்த மூச்சிலேயே பிளக்கை மூன்றாவது முறையாக மாற்றிவிட்டேன் என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போலத்தான் பிளக்கைப் பார்ப்பதும். கழற்றியதைத் தூக்கிப் போடாமல், எந்த சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே துணிமேல் வை. உலர்ந்த கரியாக, விரலில் ஒட்டும் பொடியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமாகப் பளபளத்தால் ஆயில் மேலே ஏறுகிறது, அது வேறு கதை. எல்லாமே ஒரே மாதிரி கறுத்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் தேடு: குளிரில் கிளம்புவதற்காகக் காற்றை மறைக்கும் சோக் தகடு, காற்று வரும் வழி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் தீப்பொறியைச் சந்தேகப்படு. இதைச் சின்ன வயதிலேயே உனக்குக் காட்டியிருக்கிறேன். மறந்துவிட்டாயா?

சோக்கை முதலில் பார். எஞ்சின் சூடான பிறகும் அந்தத் தகடு பாதி மூடியே நின்றால் மற்ற எதையும் தொடவேண்டாம். உன்னுடையது மின்சார சோக். அதற்கு வரும் ஒரே ஒரு வயர் கழன்றிருந்தாலும் சுருள் சூடாகாது, தகடு திறக்காது. அடுத்து கார்புரேட்டர் வாயில் தீ வெளியே சீறாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டர். அதன் மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் காற்று குறையும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழற்றிக் கழுவி, உலரவைத்து மாட்டு. அது இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதே. சித்தப்பா செய்ததை நீ செய்யக்கூடாது.

இரண்டும் சரியாக இருந்தால் கார்புரேட்டருக்குள் போகலாம். எஞ்சினை நிறுத்திய பிறகு டார்ச் அடித்து அதன் வாய்க்குள் பார். பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு மூடவில்லை. அழுக்கு சிக்கியிருக்கும், தேய்ந்திருக்கும், அல்லது அந்த வால்வை மூடும் மிதவையான ஃப்ளோட் ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் ஏறிக் கனத்திருக்கும். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்து ஆட்டு, உள்ளே தளும்புவது கேட்கும். இன்னொன்று: ஐட்லிங் மிக்சர் திருகை மெதுவாக உள்ளே திருப்பிக்கொண்டே போ. ஒழுங்கான கார்புரேட்டர் என்றால் ஓர் இடத்தில் எஞ்சின் திணறி நிற்கவேண்டும். முழுதாக மூடியும் அது பாட்டுக்கு ஓடினால் பெட்ரோல் வேறு வழியாக நுழைகிறது. அப்போது பெட்ரோல் பம்பில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் அந்தக் கண்ணாடி மாதிரிக் குழாயைப் பார். பெட்ரோல் போகும் குழாய் அல்ல, பம்ப் கசிந்தால் காட்டும் குழாய். அது எப்போதும் காய்ந்திருக்கவேண்டும். அதில் பெட்ரோல் தெரிந்தால் பம்புக்குள் இருக்கும் சவ்வு, டயஃப்ரம், கிழிந்துவிட்டது. பம்பை மாற்றாமல் படகை எடுக்காதே.

ஆயில் குச்சியையும் உருவிப் பார். மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு பெட்ரோல் கீழே இறங்குகிறது. கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடு. ஸ்டார்ட் செய்யும் முன், ஆவியை வெளியே தள்ளும் ப்ளோவர் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில், பில்ஜில் போய்ப் படுத்துக்கொள்ளும். தெரியும் என்பாய். தெரிந்தாலும் ஓடவிடு.

அப்புறம், அன்றைக்குக் கடைசியாக நீ சொன்னதையும் அந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். "தலை வலிக்கிறது, நாளைக்குப் பேசுகிறேன்." அந்த நாளை இன்னும் வரவில்லை.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அது கிடைக்காதபோது பெட்ரோலில் உள்ள கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரிச்சாக ஓடும் எஞ்சின் அதை அள்ளிக் கொட்டும். மெதுவாகப் போகும்போதும், காற்று பின்னாலிருந்து அடிக்கும்போதும், வெளியே போன புகையைக் கேபின் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். பார்ப்பவர்கள் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள்.

நானும் அப்படித்தான் சொன்னேன்.

உனக்கு ஒன்பது வயது. அந்த நீண்ட பயணத்தில் பின்கேபினில் படுத்துக்கொண்டு தலை வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று அழுதாய். இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். படகின் பின்பலகை முழுவதும் கரி அப்பிக் கிடந்தது, நான் பார்த்தேன். குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகட்டும் என்று கலவையை ரிச்சாக வைத்தவனே நான்தான். படகோட்டி மகளுக்கு இந்த வயிறா என்று உன்னைத் திட்டினேன். கரையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் நீ தெளிந்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை வருடம் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அது என்னவென்று எனக்குத் தெரிந்த பிறகும் நான் உன்னைத் திருத்தவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உன் வயிற்றில் ஒரு குறையும் இல்லை, கண்ணு. குறை என் திருகில் இருந்தது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கேபினில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அதன் பேட்டரி வேலை செய்கிறதா என்று பார். கோளாறு தீரும்வரை எஞ்சின் ஓடும்போது கேபினில் யாரும் படுக்கவேண்டாம். தலை வலித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறந்த காற்றுக்கு வா, மாத்திரையைத் தேடாதே. தலைவலியோடு மயக்கம் மாதிரி இருந்தால் உடனே மருத்துவரிடம் போ.

பிளக்கின் நிறம் என்ன என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அதை நிதானமாக எழுது. தலைவலி இப்போது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் இன்றைக்கே சொல். எந்நேரம் ஆனாலும் பரவாயில்லை, போன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா