ஒலி நின்றால் எங்களுக்குத் திரையே அணைந்த மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெஸ்க்டாப்பில் சத்தமே வரவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, உங்கள் கணினிப் பக்கத்தில் ‘இது சின்னக் கோளாறுதான், அவசரமில்லை, முடிந்தபோது கடையில் காட்டுங்கள்’ என்று பதில் வந்திருந்தது. பாட்டுக் கேட்பவருக்கு அது சரியான பதிலாக இருக்கலாம். நான் பார்வையற்றவள். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வினாத்தாள் அடிப்பது, மதிப்பெண் ஏற்றுவது, துறையிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் படிப்பது என்று எல்லாமே, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் பேசுவதைக் கேட்டுத்தான் செய்கிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. அவரும் பார்வையற்றவர். காசு கொடுக்க வேண்டியதில்லை, அதோடு வரும் இ-ஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். அந்தக் குரல் நின்றுவிட்டால் என் வேலையும் அந்த நொடியே நின்றுவிடும். அதனால்தான் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் பழைய மானிட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். மறுநாள் கணினியைப் போட்டால் உள்ளே ஃபேன் ஓடுவது கேட்கிறது, குரல் மட்டும் இல்லை. வந்த டெக்னீஷியன் ஸ்பீக்கரைக் கழற்றி வேறு கணினியில் செருகிப் பார்த்தார், நன்றாகவே பாடியது. உடனே, “டீச்சர், சவுண்ட் சிப் போயிடுச்சு. மதர்போர்டு மாத்தணும். இல்லைன்னா ஒரு ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம்” என்றார்.

இரண்டுமே தேவைப்படவில்லை. பழைய மானிட்டர் விஜிஏ ஒயரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒயர் படத்தை மட்டும்தான் கொண்டுபோகும். புது மானிட்டருக்கு எச்டிஎம்ஐ ஒயர். அதில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல், இயர்போன் செருக ஒரு துளை மட்டும் இருந்தால்கூட, விண்டோஸ் அதையும் ஒரு ஒலிக்கருவி என்று எடுத்துக்கொண்டு சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். பின்பக்கம் செருகியிருக்கிற ஸ்பீக்கர் சும்மா கிடக்கும். பார்வையுள்ளவர்கள் திரையின் கீழ் ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, ஒலி எதன் வழியாக வர வேண்டும் என்று மாற்றினால் முடிந்தது. போர்டுக்கு விலை சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

பக்கத்தில் யாரும் இல்லாதபோது பார்வையற்றவர் என்ன செய்வது? எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். எங்களுக்குத் திரை இல்லாவிட்டாலும் வேலை ஓடும். சிபியுவின் பின்புறம் விரலால் தடவினால் விஜிஏ முனையின் இருபக்கமும் திருகு தட்டுப்படும். எச்டிஎம்ஐ முனையில் திருகு கிடையாது. தட்டையாக, ஒரு பக்கத்தின் இரு மூலைகள் மட்டும் சரிந்திருக்கும். அதை எடுத்ததும் மானிட்டர் என்ற ஒலிக்கருவியே இல்லாமல் போகும், குரல் ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். அப்புறம் என்விடிஏ அமைப்புகளில் ஆடியோ பகுதிக்குப் போய், ‘இயல்புநிலைக் கருவி’ என்று இருப்பதை மாற்றி, ஸ்பீக்கரையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இனி ஒயரை மறுபடி செருகினாலும் குரல் இடம் மாறாது. ஒயரை மறுபடி செருகிய கையோடு விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, எம் எம் எஸ் ஒய் எஸ் புள்ளி சி பி எல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒலிக்கருவிப் பட்டியல் வரும். அதில் மானிட்டரின் பெயரை முடக்கி வைத்தால் மற்ற ஒலிகளும் ஒழுங்காக ஸ்பீக்கருக்கே வரும்.

இன்னொன்று. யூடியூப் பாடுகிறது, திரைவாசிப்பான் மட்டும் பேசவில்லை என்றால் கணினியில் ஒரு கோளாறும் இல்லை. பெரும்பாலும் இன்சர்ட் விசையோடு எஸ் விசை தெரியாமல் பட்டிருக்கும். அது பேச்சை நிறுத்தி வைக்கும் குறுக்குவழி. அதையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டு வந்தால் பேச்சு திரும்பிவிடும். இதற்காக சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போன மாணவர்களை எனக்குத் தெரியும். திரைவாசிப்பான் என்று ஒன்று இருப்பதே தெரியாத கடையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

செருகும் துளைகளைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் நிறத்தைத்தான் சொல்கிறார்கள். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டியில் வந்த நிறங்கள் இவை. நிறத்தால் எங்களுக்கு என்ன பயன்? இடத்தைச் சொல்லுங்கள். மூன்று துளைகள் ஒரே வரிசையில் இருக்கும் பெரும்பாலான போர்டுகளில் ஸ்பீக்கருக்கானது நடுத் துளை. ஸ்பீக்கர் ஒயரின் முனை முழுதாக உள்ளே போகும்போது ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும். அது தெரியாமல் பாதியில் நின்றால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. கணினியைத் துடைக்க நகர்த்திய மறுநாள் வருகிற புகார்களில் நிறைய இந்த வகைதான். சத்தம் வருகிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் வருகிறது என்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஃபார்மட் அடிப்பதைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்வீஸ் செய்பவருக்கு அது வழக்கமான வேலை. ஆனால் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் திரைவாசிப்பானும் போய்விடும், நாங்கள் ஒவ்வொன்றாகப் பழக்கி வைத்த குரல், வேகம், குறுக்குவிசைகள் எல்லாம் போய்விடும். ஒலியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளும் ஏறவில்லை என்றால் ஊமைக் கணினிதான் கைக்கு வரும். அதைக் கொடுத்துவிட்டு ‘சரி பண்ணியாச்சு’ என்று சொல்லிப் போனவர்கள் உண்டு, கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்ற ஆறுதலோடு. சர்வீஸ் செய்யும் தம்பிமார்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பார்வையற்றவர் கணினி என்றால் ஃபார்மட் அடிக்குமுன் அவரைக் கேளுங்கள். முடித்த பிறகு கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் பேச வேண்டும். அது பேசுவதை அவர் காதால் கேட்ட பிறகு கிளம்புங்கள்.

அலுவலகங்களுக்கும் ஒரு கோரிக்கை. போர்டிலுள்ள ஒலிப்பகுதி உண்மையாகவே கெட்டிருந்தாலும் போர்டை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. விரல் நீளத்தில் யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். யூஎஸ்பி துளையில் செருகினால் பொதுவாக விண்டோஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும். பார்வையற்ற ஊழியர் இருக்கும் இடங்களில் இப்படி ஒன்றை மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். கணினி வாங்கும்போது ‘ஸ்பீக்கர் எதற்கு, ஆஃபீஸில் பாட்டா கேட்கப் போகிறார்கள்’ என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதிகளை அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்கிறது. எனக்கு ஸ்பீக்கர் அந்த வசதிகளில் ஒன்று.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிப் பக்கத்தில் ‘படத்தில் வட்டமிட்டிருப்பதைச் சொடுக்கவும்’ என்று போடுகிறீர்கள். இணையப் பதிப்பில் அந்த இடத்துக்கு வந்தால் என் திரைவாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. படம் இருக்கட்டும், அதன் கீழேயே எந்த விசையை அழுத்த வேண்டும், எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று இரண்டு வரி எழுத்தாகவும் போடுங்கள். அந்த வாசகரின் கேள்விக்கு எச்டிஎம்ஐ விஷயத்தையும் சேர்த்து மறுபடி ஒரு பதில் வெளியிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பார்வையற்ற அரசுப் பள்ளி ஆசிரியை,
திருச்சி