வாய் நிறைய முட்டையோடு இருக்கிற மீனை வாளியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டால் போதும், பினாங்கில் தெலுக் பாஹாங் பக்கமும் தித்தி கெராவாங் அருவிப் பக்கமும் சாலையோரம் கார்கள் வரிசையாக நிற்கும். நம் ஆட்களும் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். நாசி லெமாக் பொட்டலம், பாய், பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி என்று எல்லாம் கட்டிக்கொண்டு போவது எப்போதும் உள்ளதுதான். இப்போது கொஞ்ச காலமாக அதோடு கைவலையும் வாளியும் சேர்ந்து வருவதைப் பார்க்கிறேன். ஓடை மீனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குழம்பு வைக்க இல்லை, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் ஒரு நாள் காலை, ஓடையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அப்பாவும் எட்டு ஒன்பது வயது மகனும். கரையோரம் உதிர்ந்த இலைகள் அழுகிக் கிடக்குமே, அந்த இடத்தில் வலையை விட்டு அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு மீன் இருக்கும். அதில் ஒன்று மட்டும் ஓடாமல் அசையாமல் மூலையில் நின்றது. விரல் நீளம், பழுப்பு நிறம், ஒவ்வொரு செதிலிலும் ஒரு பச்சைப் புள்ளி, வெயில் பட்டால் அது நீலமாக மின்னும். கீழ்த்தாடை மட்டும் பொம்மென்று புடைத்திருந்தது. "அப்பா, இதுக்குத் தொண்டையில கட்டி" என்றான் பையன். "சீக்கு மீனா இருக்கும், தூக்கி வீசு" என்றார் அவர். நான் குந்தி உட்கார்ந்து, "தம்பி, அது கட்டி இல்ல, முட்டை. வாய்க்குள்ள அடைகாக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த மீன் வாயைத் திறந்தது. அரிசி நொய் போல நாலைந்து வெள்ளை மணிகள் வாளியின் அடியில் போய் விழுந்தன. பையன் முகம் மாறிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

அது தாய் மீன் இல்லை, தகப்பன் மீன். இந்த இனத்தில் பெண் மீன் முட்டைகளை எடுத்து ஆண் மீனின் முன்னால் துப்பிக் கொடுக்கும், ஆண் ஒவ்வொன்றாக வாங்கி வாய்க்குள் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஏறக்குறைய இரண்டு வாரம் அதற்குச் சாப்பாடு கிடையாது. குஞ்சு நீந்துகிற அளவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்து வெளியே விடும். அந்த நேரத்தில் வலையில் மாட்டி, வாளியில் அடைபட்டு, மிரண்டு போனால் முட்டையைத் துப்பிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும். அதாவது நாம் ஒரு மீனைத்தான் எடுத்தோம் என்று நினைக்கிறோம், அது ஒரு மீன் இல்லை.

இந்த மீன் நம் பினாங்கு மீன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெட்டா பக்னாக்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் கேன்டர் என்ற டேனிஷ்காரர் 1849-இல் இந்த இனத்தைப் பதிவு செய்தபோது, அதற்கு ஆதாரமான இடமாக அமைந்தது பினாங்குதான். பக்னாக்ஸ் என்றால் சண்டைக்காரன் என்று பொருள். கடைகளில் குட்டிப் போத்தலில் ஒன்று ஒன்றாக வைத்து விற்கிறார்களே சயாம் சண்டை மீன், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1910-இல்தான் ரீகன் என்ற ஆங்கிலேய மீனியல் அறிஞர் இரண்டும் வேறு வேறு என்று பிரித்து, சயாம் மீனுக்குப் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று தனிப்பெயர் வைத்தார். சண்டைக்காரன் என்ற பெயர் மட்டும் இந்தப் பிள்ளை வளர்க்கிற மீனோடு தங்கிவிட்டது. தீபகற்பத்தில் வேறு ஓடைகளிலும் சிங்கப்பூரிலும் இது உண்டு, ஆனாலும் உலகுக்குத் தெரிய வந்தது நம் ஊர் மூலமாக.

நான் மீன் வளர்ப்பவர்களுக்கு எதிரி இல்லை. நானே வளர்க்கிறேன். கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மைலோ டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவதுதான் எங்கள் விளையாட்டு. ஒரு தடவை கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும் அயிரை மாதிரி சின்ன மீன்கள், இருபதுக்குக் குறையாது, கல்லைப் புரட்டிப் புரட்டிப் பிடித்து டின் நிறையக் கொண்டு வந்தேன். ராத்திரி கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை, எல்லாம் வெளுத்து மிதந்தன. அம்மா திட்டவில்லை, ஒன்றும் சொல்லாமல் டின்னை வாங்கிக்கொண்டு போய் வாழை மரத்தடியில் கொட்டினார். அந்த வெளுத்த வயிறுகள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஏன் செத்தன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மீன்களின் நெஞ்சுத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் தட்டையாக விரிந்து கல்லைப் பற்றிக்கொள்ளும். வேகமாக ஓடுகிற, குளிர்ந்த, காற்று கலந்து நுரைக்கிற தண்ணீரில் வாழ்வதற்கென்றே அமைந்த உடம்பு அது. தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். பினாங்கில் வீட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீர் மத்தியானத்தில் சாதாரணமாக முப்பது டிகிரியைத் தொடும், ஓட்டமும் இருக்காது, அதில் இருபது மீனை அடைத்தால் மூச்சு முட்டிச் சாகாமல் என்ன செய்யும்? பெட்டா மீன் மேலே வந்து காற்றைக் குடித்தாவது சமாளிக்கும், இந்தக் கல்லொட்டி மீனுக்கு அந்த வசதி இல்லை. காரில் பூட்டி வைத்த வாளி என்றால் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே முடிந்துவிடும்.

சிலர் சொல்கிறார்கள், ஓடையில் எவ்வளவோ மீன் இருக்கிறது, நாலு எடுத்தால் என்ன என்று. பெரிய ஆற்றில் அது சரியாக இருக்கலாம். பினாங்குத் தீவின் ஓடைகள் அப்படி இல்லை. மலையில் பிறந்து சில கிலோமீட்டர் ஓடுவதற்குள் வீடமைப்புப் பகுதி வந்துவிடும், சிமெண்டுக் கால்வாய் ஆகிவிடும், அப்புறம் கடல். ஓர் ஓடையில் இருக்கிற மீன் அடுத்த ஓடைக்குப் போக வழியே கிடையாது. ஒரு குழியில் உள்ளதை வாரக் கடைசிக்கு வாரக் கடைசி வந்து அள்ளிக்கொண்டு போனால் அந்தக் குழியை நிரப்பப் பக்கத்து ஓடையிலிருந்து எதுவும் வராது. அதிலும் ஒரு பை மீனை இணையத்தில் விற்பதற்காகப் பிடிப்பவர்கள், மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பவர்கள் செய்வது வேறு ரகம். மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது சட்டப்படி குற்றம். மீனோடு இறால், நண்டு, தவளைக் குஞ்சு எல்லாம் சேர்ந்து அடிபடும். பார்த்தால் மீன்வள இலாகாவுக்குச் சொல்லுங்கள், நாமே போய் அவர்களிடம் வாயாட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்த்து அலுத்துப்போன மீனைப் பாவம் என்று ஓடையில் கொண்டு போய் விடுகிறார்கள். விடுகிறவர் நல்ல மனசோடுதான் விடுகிறார். ஆனால் தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய என்று வாங்குகிற இக்கான் பண்டாராயா தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அது பெருகிக் கிடப்பதும், தன்னார்வலர்கள் கூடை கூடையாக வாரி எடுப்பதும் நாம் பார்க்கிற செய்திதான். தொட்டி மீனில் இருக்கும் நோயும் கூடவே ஓடைக்குப் போகும். வேண்டாத மீனை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லை வளர்க்கிற ஒருவருக்குக் கொடுங்கள்.

பிள்ளைகள் மீன் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. பார்க்க வேண்டும், நன்றாகப் பார்க்க வேண்டும். மூடி போட்ட ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பா போதும், பிஸ்கட் டப்பாகூடச் சரி. கையை முதலில் ஓடைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், டப்பாவிலும் அதே தண்ணீர். ஒரு மீனை விட்டு நிழலில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள், போனில் படம் எடுங்கள், அப்புறம் பிடித்த அதே இடத்தில் விட்டுவிடுங்கள். கல்லைப் புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள், அதன் அடியில் ஒரு குடும்பம் இருக்கும். மேலே மலையில் மழை இருண்டு வந்தாலோ, தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ மீனையும் டப்பாவையும் விட்டுவிட்டு உடனே பிள்ளைகளோடு கரையேறுங்கள், கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், வருவதற்கு முன் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்.

தைப்பூசத்துக்கு நாம் திரண்டு போகிற தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கொட்டுகிற அருவியால்தான். 2021-இல் யுனெஸ்கோ பினாங்கு மலையையும் சுற்றியுள்ள காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க, ஓடைக்கரையில் நான் பார்க்கிற பலகைகளில் குப்பை போடாதே, குளிக்கும்போது கவனம் என்றுதான் இருக்கிறது, தண்ணீருக்குள் இருக்கிற மீனைப் பற்றி ஒரு வரி கிடையாது. சம்பந்தப்பட்ட இலாகாக்கள் ஒரு படப் பலகை வைக்க வேண்டும், மலாயோடு தமிழிலும் சீனத்திலும், வாய் புடைத்த அந்த மீனின் படத்தைப் பெரிதாகப் போட்டு. உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலும் அடுத்த விடுமுறைக்கு முன் இந்த மீனைப் பற்றி ஒரு முறை போடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பையன் வாளியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், இலைகள் அழுகிக் கிடந்த அதே மூலையில் மெதுவாகச் சாய்த்தான். மற்றவை எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டன. அந்தத் தகப்பன் மீன் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, தாடை இன்னும் புடைத்துத்தான் இருந்தது, முட்டை மிச்சம் இருந்திருக்க வேண்டும். அப்புறம் ஓர் இலைக்குக் கீழே போய்விட்டது.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு