ஸ்டோன் டவுன் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஸ்டோன் டவுன் மக்களுக்கு,

வணக்கம். உங்கள் சான்சிபார் தீவில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் படிக்கும் என் தம்பி இந்தக் கடிதத்தை உங்களுக்குச் சுவாகிலியில் சொல்லுவான். தப்பும் தவறுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் சௌத்தி ஸா புசாரா இசை விழாவுக்கு அம்மாவோடு வந்தோம். வந்த அன்றே சந்துக்குள் வழி தெரியாமல் திண்டாடினோம். வீட்டு வாசலில் பராசா என்னும் கல்மேடையில் உட்கார்ந்திருந்த அக்கா, ஒன்றுமே கேட்காமல் அம்மாவைக் கைப்பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அது அப்படியே நம்ம ஊர்த் திண்ணைதான். அப்புறம் அவருடைய மகன் விழா நடக்கும் பழைய கோட்டை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். முதல் நன்றி இவர்கள் இருவருக்கும்.

உள்ளே அம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. சவுண்ட் பார்க்கும் பையன்கள் தங்கள் நாற்காலியைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மேடை வேலையை இந்த விழாவில்தான் கற்றுக்கொண்டாராம். இப்போது ஹோட்டல் நிகழ்ச்சி, கல்யாணம் என்று வருடம் முழுக்க வேலை இருக்கிறது. இங்கே வாயசைப்பு கிடையாது, எல்லாமே நேரடி இசை. பதிவை ஓடவிட்டு ஆடுவதென்றால் இத்தனை ஆள் எதற்கு? அந்தப் பிடிவாதம்தான் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது என்பேன்.

2004-இல் தொடங்கிய விழா 2016-இல் பணம் திரளாமல் நடக்கவில்லை. அந்த பிப்ரவரியின் வியாபாரத்தைப் பற்றி, ஃபொரோதானி தோட்டத்தில் உரோஜோ என்னும் புளிப்புக் குழம்பு விற்கும் அண்ணன் ஒரு பாட்டம் புலம்பினார். அம்மாவுக்காக இறைச்சி போடாமல், மாங்காய்ப் புளிப்புக் குழம்பில் பஜியா மட்டும் போட்டுத் தந்ததற்கு நன்றி அண்ணா. காசு வாங்க மாட்டேன் என்றதுதான் சங்கடமாகிவிட்டது.

அமைப்பாளர்களே, உள்நாட்டவரான தான்சானியர்களுக்கு டிக்கெட் விலையைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். வெளிநாட்டவர் நாங்கள் கூடுதலாகக் கொடுத்தோம். சரி, நியாயம்தானே! இல்லாவிட்டால் ‘தாராப்’ என்னும் உங்கள் ஊர் இசைக்கு எழுந்து ஆடிய அந்தப் பாட்டிமார்களை எங்கே பார்த்திருப்போம்? 2013-இல் மறைந்த தாராப் பாடகி பி கிடூடே இதே கோட்டையில் பாடியதை அவர்கள் எங்களுக்கு நடித்தே காட்டினார்கள்.

கோட்டையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நடுராத்திரி தாண்டியும் முரசுச் சத்தம். ஆனாலும் எங்களைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து தண்ணீர் தந்த பெரியவரே, அம்மா உங்களுக்கு ஒரு ஜாடி மாவடு கொடுத்தனுப்பியிருக்கிறார். கொஞ்சம் உப்பு தூக்கல். தம்பி கொண்டுவந்து தருவான்.

நன்றியுடன்,
தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம்