தொண்டைப் புற்றுநோய்: ஆண், பெண் கணக்குக்கு முன் கேட்க வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வைரசினால் வரும் தொண்டைப் புற்றுநோயில் ஆண்களைவிடப் பெண்களே நீண்ட காலம் பிழைக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்திலும் சிலர் உறுதியாகச் சொல்லத் தொடங்கியுள்ளனர். எப்ஸ்டீன்-பார் வைரசுடன் தொடர்புடைய மூக்குத்தொண்டைப் புற்றுநோயைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் டொன்சிலிலும் நாக்கின் வேர்ப்பகுதியிலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் காரணமான எச்.பி.வி. (மனித பப்பிலோமா) வைரசு உண்டாக்கும் புற்றுநோயில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. அங்கே பாலினத்தைவிட வைரசும் புகையிலையுமே அதிகம் தீர்மானிக்கின்றன.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கட்டியில் எச்.பி.வி. இருந்தவர்களில் 82.4 சதவீதத்தினரும், இல்லாதவர்களில் 57.1 சதவீதத்தினரும் மூன்று ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர். ஆபத்துக் குறைந்த பிரிவில் அந்த அளவு 93 சதவீதம். ஆனால் வைரசு இருந்தும், நாளொன்றுக்கு ஒரு பெட்டி வீதம் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிகரெட் புகைத்து, கழுத்து நெறிகளிலும் (நிணநீர் முடிச்சுகளிலும்) நோய் முற்றியவர்கள் இடம்பெற்ற பிரிவில் அது 70.8 சதவீதமாக இறங்கியது. வெற்றிலைத் தட்டத்தின் முன்னால் எங்களிடம் ஆண்களும் பெண்களும் அமர்வதுண்டு; சிகரெட்டும் பீடியும் பெரும்பாலும் ஆண்களுடையவை. ஆகவே ஆண்கள் குறைவாகப் பிழைப்பதாக ஓர் அட்டவணை காட்டினால், அது ஆணுடம்பின் பலவீனமா, சட்டைப்பையில் இருந்த பெட்டியின் வேலையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

இந்த வைரசு தொற்றுவதில் உள்ள ஆண், பெண் வேறுபாடோ ஐயத்துக்கு இடமில்லாதது. அமெரிக்காவில் 14 முதல் 69 வயதுடையோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், வாயில் எச்.பி.வி. இருந்த ஆண்கள் 10.1 சதவீதம், பெண்கள் 3.6 சதவீதம். அப்படியிருந்தும் இலங்கையில் 2017 முதல் இதற்கான தடுப்பூசி தரம் 6 மாணவிகளுக்காகவே திட்டமிடப்பட்டுள்ளது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க அது மிகச் சரியான தொடக்கம்தான். எனினும் அவுஸ்திரேலியா 2013இலும் இங்கிலாந்து 2019இலும் பாடசாலை ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டன.

இந்நோய் பலரிடம் தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்களவான, நோவில்லாத கட்டியாகவே முதலில் தெரியும். சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டாலும், "நெறி கட்டியிருக்கு, தானாய் வத்திப்போகும்" என்று பத்துப் போட்டுக்கொண்டு மாதக் கணக்கில் திரிபவர்களை களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் பார்க்கலாம். புகைக்காதவர், வெற்றிலை போடாதவர் என்றால் வீட்டாரும் புற்றுநோயை நினைப்பதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டியை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பதைக் கிராமச் சுகாதாரக் கூட்டங்களில் தாய்மாருக்கு மட்டுமன்றி ஆண்களுக்கும் சொல்ல வேண்டும்.

கிழக்கு மாகாணத் தொண்டைப் புற்றுநோயாளர் ஒவ்வொருவரின் பதிவிலும் கட்டிக்கு எச்.பி.வி. காரணமா என்று காட்டும் பி16 இழையச் சோதனையின் முடிவு, புகைத்த ஆண்டுகள், வெற்றிலைப் பழக்கம் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறவும், தரம் 6 ஆண் மாணவர்களுக்கும் தடுப்பூசி வழங்குவது பற்றிச் சுகாதார அமைச்சு ஆராயவும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.