தோற்றவன் எழுதும் கடிதம்

பஃபலோ,
2024 பிப்ரவரி 18

அன்புள்ள நண்பா,

அமெரிக்க ஃபுட்பாலின் பிளே ஆஃபில், அதாவது தோற்ற அணி வெளியேறும் கடைசிச் சுற்றுகளில், யார் வெல்வார் என்று ஆண்டுதோறும் கணித்துப் பந்தயம் கட்டுகிறோம்; சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் தோற்றவன் கையால் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். திங்கட்கிழமை இரவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். புதன்கிழமை உங்கள் கான்சஸ் சிட்டியில் சீஃப்ஸ் அணியின் வெற்றி ஊர்வலம் முடிகிற நேரத்தில் யூனியன் ஸ்டேஷன் அருகே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். குழந்தைகள் இருவரும் சிவப்புத் தொப்பியோடு நிற்கிற படத்தை அன்று காலைதான் அனுப்பியிருந்தாய். "வீடு வந்து சேர்ந்தோம்" என்று உன்னிடமிருந்து இரண்டு வரி வரும்வரை சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் உயிரிழந்திருக்கிறார். இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம், அவர்களில் எத்தனையோ பேர் சிறுவர்கள். சின்னவள் இரவில் தூங்குகிறாளா? பட்டாசு மாதிரிச் சத்தம் கேட்டது என்று சொன்னாளாமே. அவளிடம் அதைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே, அவளாகப் பேசினால் முழுவதும் கேள்.

நேற்று ஃபோனில் "கடிதம் எங்கே?" என்று நீயே கேட்டதால்தான் இன்று மறுபடி எடுத்தேன். பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இது புதிது.

முதலில் கணக்கு. சரியான கணிப்புக்குப் புள்ளி, முதல் சுற்றின் ஆறு ஆட்டங்களுக்கு ஒவ்வொன்று, அடுத்த நான்குக்கு இரண்டிரண்டு, அரையிறுதிகளுக்கு நான்கு நான்கு, சூப்பர் பௌலுக்கு எட்டு. மொத்தம் 30. நீ 23, நான் 14. சென்ற ஆண்டு வரை பதினாறு பருவங்களில் எட்டுக்கு எட்டு என்று சமமாக இருந்தோம். இப்போது ஒன்பதாவது உனக்கு. மனமார்ந்த வாழ்த்துகள். ஆனால் இறுதி ஆட்டம் தொடங்கும்போது உன்னிடம் 15, என்னிடம் 14 இருந்தது என்பதையும் உன் நோட்டில் குறித்து வை.

முதல் சுற்றில் நான்தான் முன்னால் இருந்தேன். கிரீன் பே டல்லாஸைத் தோற்கடிக்கும் என்று நான் எழுதியதை நீ நம்பவே இல்லை. உன் பக்கம் நியாயம் இருந்தது. டல்லாஸ் சொந்த மைதானத்தில் வழக்கமான பருவ ஆட்டங்களில் தொடர்ந்து 16 வென்றிருந்தது. 2020 பருவத்தில் இரண்டு பிரிவுகளிலும் ஏழாவது இடத்துக்கும் பிளே ஆஃப் வாய்ப்புக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, ஏழாவதாக நுழைந்த அணி ஒன்றுகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் தோற்றார்கள். கிரீன் பே ஏழாவது. அதன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், ஜோர்டன் லவ் பிளே ஆஃபில் முதல்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்குகிறார்.

அப்படியிருந்தும் அவர்களை நான் எடுத்ததற்குக் காரணம் டிசம்பர் 17-இல் என் கண்முன்னால் நடந்தது. அன்று டல்லாஸ் இங்கே எங்கள் பில்ஸ் அணியின் மைதானம் இருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்குக்கு வந்தது. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் 94 யார்டுதான் வீசினார். பந்தை ஜேம்ஸ் குக் கையில் கொடுத்துக் கொடுத்தே 31-10 என்று முடித்துவிட்டார்கள். குக் மட்டும் 179 யார்டு ஓடினார். டல்லாஸின் முன்வரிசை ஆட்கள் இரண்டாவது பாதியில் இடுப்பில் கைவைத்து நின்றதை மகனுக்குக் காட்டினேன். ஓடுகிறவனை இவர்களால் நிறுத்த முடியாது என்று அன்றே மனதில் பதிந்துவிட்டது. கிரீன் பேயின் ஏரன் ஜோன்ஸோ கடைசி மூன்று வாரமும் நூறு யார்டுக்கு மேல் ஓடியிருந்தார். அதைத்தான் உனக்கு எழுதினேன். ஜோன்ஸ் 118 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய் மூன்று டச்டவுன் போட்டார். இடைவேளைக்குள் 27-0 வரை போய், 48-32 என்று முடிந்தது. இந்தப் பதினேழு ஆண்டுகளில் நான் கணித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பலித்ததற்காக மட்டும் சொல்லவில்லை. சொன்ன காரணத்தாலேயே பலித்தது.

பிட்ஸ்பர்க்கோடு இங்கே நடந்த எங்கள் முதல் சுற்று ஆட்டத்தைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. ஞாயிறு நடக்க வேண்டியதைப் பனிப்புயலால் திங்களுக்குத் தள்ளினார்கள் அல்லவா, மைதானத்தில் பனி வார ஆள் வேண்டும், மணிக்கு 20 டாலர் என்று அணி நிர்வாகம் கேட்டிருந்தது. திங்கள் விடுமுறை நாள். காலையில் என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலிகள் எங்கே என்றே தெரியவில்லை. வரிசை முழுக்க ஒரே வெள்ளைச் சரிவு. கால் வைத்தால் தொடை வரை இறங்குகிறது. மேல்பனி பஞ்சு மாதிரி வருகிறது, அடியில் இருப்பது உறைந்து பலகையாகிவிட்டது, மண்வெட்டியின் விளிம்பால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். என் பக்கத்தில் வாரியவர் எழுபதை நெருங்குகிறவர். எங்கள் இருவருக்கும் நான்கு மணி நேரத்தில் ஒன்பது வரிசைதான் முடிந்தது. மாலையில் பில்ஸ் டச்டவுன் போடும்போதெல்லாம் வாராமல் மிச்சம் விட்ட பனியை ஜனங்கள் இரண்டு கையாலும் அள்ளி மேலே வீசினார்கள். தொலைக்காட்சியில் நீயும் பார்த்திருப்பாய். 31-17. இருவரும் சரியாகச் சொன்ன ஆட்டம்.

அடுத்த ஞாயிறு உங்கள் ஆட்கள் வந்தார்கள். ஜனவரி 21. சூப்பர் பௌலை விட்டுவிட்டால், உங்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பிளே ஆஃபுக்காக வெளியூர் மைதானத்தில் இறங்கியது அதுதான் முதல்முறை. டிசம்பரில் உங்கள் ஊரிலேயே 20-17 என்று வென்றிருந்தோம். பஃபலோவை நான் எடுத்ததற்கு எழுதிய காரணங்கள் இந்த இரண்டும்தான். ஊர்ப் பாசம் என்று நீ சொன்னாய், இல்லை. எடுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நடுவில் நின்று தடுக்கும் எங்கள் லைன்பேக்கர்களில் மிலானோ அக்டோபரிலிருந்தே இல்லை. பெர்னார்டுக்குப் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் கணுக்கால் போய்விட்டது. நடுவில் ஆள் இல்லாத இடத்தில்தான் பந்தைப் பிடிக்க உங்கள் கெல்ஸி வந்து நிற்பார் என்பது எனக்குத் தெரியாததா? இரண்டு டச்டவுன் பிடித்தார். அந்த ஒன்றை நான் எடைபோடத் தவறினேன்.

24-27. ஆட்டம் முடிய 1 நிமிடம் 43 நொடி. கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன்; எங்கள் உதைப்பவர் டைலர் பாஸ் 44 யார்டிலிருந்து உதைக்கிறார். மகன் என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் மெதுவாக வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது, பிறகு ஒதுங்கிக்கொண்டே போயிற்று. எழுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த இடத்தில் என் பக்கத்துக்காரர் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. 1991-இல் டாம்பாவில் நடந்த சூப்பர் பௌலில் எங்கள் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்ததும் வலப்பக்கம்தான். அன்று ஒரு புள்ளியில் போன கோப்பை இன்றுவரை வரவில்லை. இந்த ஊரில் அதைப் பார்த்தவர்கள் உண்டு, பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. என் மகன் இப்போது தானே பார்த்தவன் ஆகிவிட்டான். வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்த உதைத்தவர் இன்று ராத்திரி எங்கே போவார்?"

பாஸை இணையத்தில் கண்டபடி திட்டினார்கள். ஆனால் அடுத்த நாளே ஊர் திரும்பிக்கொண்டது. அவர் இங்குள்ள பூனைக் காப்பகம் ஒன்றுக்கு உதவி வந்தவர். அவருக்கு ஆறுதலாக எல்லோரும் அந்தக் காப்பகத்துக்குப் பணம் அனுப்பினார்கள், லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. பனி வாரிய கூலி எண்பது டாலரை நான் அப்படியே அங்கே கொடுத்தேன். என்னைக் கொடுக்கச் சொன்னவன் மகன்.

இனி நான் உண்மையில் பேச நினைத்ததற்கு வருகிறேன். சீஃப்ஸ் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் நீ அவர்களையே எடுத்தாய், நான்கும் பலித்தன. நான்குக்கும் நீ எழுதி அனுப்பிய காரணம் ஒன்றே: "மஹோம்ஸ் இருக்கிறார்." பால்டிமோர் ஆட்டத்தை மறுபடி பார். இரண்டாவது பாதியில் சீஃப்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வென்றது 17-10 என்று. அந்தப் பருவம் முழுக்க எல்லோரையும் நொறுக்கிய லமார் ஜாக்சனின் அணியை 10 புள்ளியில் நிறுத்தியது யார்? பால்டிமோரின் ஸே ஃபிளவர்ஸ் கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாய்கிறார், ஒரு யார்டு பாக்கி. உங்கள் ஸ்னீட் பின்னாலிருந்து பந்தை மட்டும் தட்டிவிடுகிறார். ஆட்டம் அந்த ஒரு தட்டில் இருந்தது. அந்தத் தடுப்பை வகுத்தவர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ.

அந்தப் பெயர் உனக்கு நினைவிருக்கிறதா? 2008 பிப்ரவரி, நம் மாணவர் குடியிருப்பு. பாடாவதிச் சோபா, இரண்டாம் கைத் தொலைக்காட்சி. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்று பாதி ஆட்டம் வரை விவாதித்தோம். 18 ஆட்டம் தோற்காமல் வந்த நியூ இங்கிலாந்தை நீ எடுத்தாய், நியூயார்க் ஜயண்ட்ஸை நான் எடுத்தேன். ஜயண்ட்ஸின் டேவிட் டைரி பந்தைத் தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தபடி விழுந்தபோது நாம் இருவரும் எழுந்து நின்று கத்தினோம், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கருகி வீடெல்லாம் புகை. 17-14. டைரியின் பிடியை எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் டாம் பிரேடியின் அணியை 14 புள்ளியில் கட்டிப்போட்ட அன்றைய ஜயண்ட்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளரும் இதே ஸ்பாக்னுவோலோதான். நம் முதல் பந்தயத்தை எனக்கு வென்று கொடுத்தவர், பதினாறு ஆண்டு கழித்துப் பதினேழாவதை உனக்கு வென்று கொடுத்திருக்கிறார். உன் தாளில் அவர் பெயரே இல்லை.

சூப்பர் பௌலில் என் காரணமும் தேறவில்லை. மக்காஃப்ரி ஓடியே ஜெயிப்பார் என்று சான் பிரான்சிஸ்கோவை எடுத்தேன், அவரோ அணிக்குப் பந்து கிடைத்த முதல் முறையிலேயே அதை நழுவவிட்டார். டச்டவுனுக்குப் பிந்தைய அந்த ஒரு புள்ளி உதையை உங்கள் லியோ செனால் தடுத்தாரே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஓவர்டைமில் 25-22. இரண்டு அணிக்கும் பந்து கிடைத்தாக வேண்டும் என்ற புது விதி பிளே ஆஃபில் முதல்முறை பயன்பட்டது அன்றுதான். 2022 ஜனவரியில் 13 நொடியில் எங்களிடமிருந்து ஆட்டத்தைப் பறித்து, ஓவர்டைமில் ஆலன் பந்தைத் தொடவே விடாமல் 42-36 என்று நீங்கள் முடித்தீர்களே, அதனால் வந்த விதி அது. நாணயம் விழுந்த பக்கத்தால் இனி ஒரு பருவம் முடியாது. எனக்கு அதில் முழுத் திருப்தி.

அதனால் என் கோரிக்கை இது. அடுத்த ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கணிப்போடும் ஒரே வரியில் காரணம் எழுதுவோம், அணியின் பெயரும் ஆட்டக்காரர் பெயரும் மட்டும் போதாது. வென்றவர் சரி, காரணம் தவறு என்றால் பாதி மதிப்பெண். தீர்ப்பை என் மகனும் உன் பெரியவளும் சேர்ந்து சொல்லட்டும். இந்த ஆண்டு முடிவை நான் மாற்றச் சொல்லவில்லை, 23-க்கு 14 அப்படியே இருக்கட்டும்.

இங்கே வேறு செய்தி அதிகம் இல்லை. அம்மா ஏப்ரலில் வருகிறார், இந்த முறை நான்கு மாதம். அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடங்கிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடாதே, கோடையிலேயே முடித்துவிடு. அக்டோபரில் நீங்கள் நால்வரும் இங்கே வர வேண்டும் என்று வீட்டில் சொல்லச் சொன்னார்கள். சின்னவளுக்கு நயாகராவைக் காட்ட வேண்டும்.

இதோடு ஒரு பெட்டி ஸ்பாஞ்ச் கேண்டி (பஞ்சு போன்ற சர்க்கரை மிட்டாய்) அனுப்புகிறேன், இந்த ஊர்க் கடையில் இன்று காலை வாங்கியது. ஈரம் பட்டால் உள்ளே இருப்பது பிசுபிசுத்துவிடும், பெட்டியைத் திறந்த அன்றே சாப்பிட்டு முடியுங்கள். பெட்டியின் மூடிக்கு உட்புறம் அடுத்த ஆண்டுக்கான என் முதல் கணிப்பை எழுதியிருக்கிறேன். காரணத்தோடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்