கால்பந்து வட்டத்தின் ஆண்டறிக்கை: அஸ்தாஃப்யெவ்ஸும் 167 ஆட்டங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், லாட்வியத் தலைநகர் ரீகாவில் படித்தும் பணியாற்றியும் வரும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த பொதுக்குழுவின் தீர்மானப்படி, லாட்விய ஆட்டக்காரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை முழுமையாகப் படித்துப் பதிவு செய்யும் பணி இவ்வாண்டு நடந்தது. நடுக்கள ஆட்டக்காரர் விட்டாலிஸ் அஸ்தாஃப்யெவ்ஸைத் தேர்ந்துகொண்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இந்த அறிக்கை ஆய்வுப் பணியையும் அதையொட்டிய பயிற்சியையும் பற்றியது.

அஸ்தாஃப்யெவ்ஸ் 1971-ல் ரீகாவில் பிறந்தவர். லாட்வியா மீண்டும் விடுதலை பெற்றதை அடுத்து, 1992-ல் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கினார். 2010 நவம்பரில் சீனாவுடன் நடந்த நட்பு ஆட்டத்தோடு விடைபெற்றார். மொத்தம் 167 ஆட்டங்கள், 16 கோல்கள். 19 காலண்டர் ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஒன்பதுக்குச் சற்றே குறைவு. முன்பு ஐரோப்பிய அளவில் அதிக ஆட்டங்கள் ஆடியவர் பக்கத்து நாடான எஸ்தோனியாவின் மார்ட்டின் ரெய்ம். அவருடைய 157-ஐ அஸ்தாஃப்யெவ்ஸ் 2009 நவம்பரில் ஹோண்டுராஸுடனான ஆட்டத்தில் கடந்தார். புஃபோன், ராமோஸ், ரொனால்டோ எல்லாம் அவரைத் தாண்டியது பிறகுதான்.

கிளப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த எண்ணிக்கை வியப்பாக இருக்கும். ரீகாவின் ஸ்கொன்டோ, 1996–97-ல் கடன் ஒப்பந்தத்தில் (சொந்தக் கிளப் தற்காலிகமாக அனுப்பும் ஏற்பாடு) ஆஸ்திரியா வீன், 2000 தொடக்கத்திலிருந்து 2003 வரை இங்கிலாந்தின் பிரிஸ்டல் ரோவர்ஸ், பிறகு ஆஸ்திரியாவில் அட்மிரா, ரஷ்யாவில் ரூபின் கசான், கடைசியில் மறுபடியும் ஸ்கொன்டோ. ரோவர்ஸ் அப்போது இங்கிலாந்து லீக் வரிசையின் மூன்றாம் அடுக்கில் இருந்தது. 2001-ல் நான்காம் அடுக்குக்கு இறங்கியது. நான்காம் அடுக்கில் வாராவாரம் ஆடிக்கொண்டிருந்தவர், மூன்று ஆண்டுகள் கழித்து நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பையின் இறுதிச் சுற்றில் (தகுதி பெற்ற அணிகள் ஆடும் முதன்மைத் தொடர்) தன் நாட்டின் கேப்டன்! ஆகவே இவருடைய ஆட்ட வாழ்க்கையை தேசிய அணியை நடுவில் வைத்துத்தான் படிக்க வேண்டும், கிளப்புகளை அதன் கிளைகளாகப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வுக் குழுவின் முடிவு.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே 1-ல். அதற்கு முன் லாட்வியர் ஒருவர் இங்கிலாந்து கிளப்பில் ஆட வேலை அனுமதி வேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் தன் நாடு ஆடிய போட்டி ஆட்டங்களில் சுமார் 75 சதவீதத்திலாவது அவர் ஆடியிருக்க வேண்டும் என்பது அக்கால அளவுகோல். நட்பு ஆட்டங்கள் கணக்கில் வராது. தேசிய அணியில் இடம் நழுவினால் வெளிநாட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். இன்னொன்று பருவநிலை. லாட்விய லீக் வசந்தத்தில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் தேசிய அணி கூடும்போது உள்ளூர் லீக்கில் ஆடுபவர்கள் மூன்று, நான்கு மாதம் ஆட்டமே இல்லாமல் உள்ளரங்கப் பயிற்சியிலிருந்து வருவார்கள். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் கால் கனக்கும். இங்கிலாந்தில் ஆடுபவர் அதே மாதங்களில் ஆட்டச் சூட்டோடு வந்து இறங்குவார். அடுக்கு கீழே என்பதைவிட ஆட்டம் தொடர்ந்து கிடைத்தது முக்கியம்.

அஸ்தாஃப்யெவ்ஸின் ஆண்டுகளில் உச்சம் 2004 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. சுவீடன் 17 புள்ளி, லாட்வியா 16, போலந்து 13, ஹங்கேரி 11, சான் மரினோ 0. கடைசி ஆட்டத்தில் ஸ்டாக்ஹோமில் மாரிஸ் வெர்பகோவ்ஸ்கிஸ் அடித்த ஒரே கோலில் சுவீடனை வென்று இரண்டாம் இடம். பிளே-ஆஃபில், அதாவது இடத்தை முடிவுசெய்யும் இரண்டு ஆட்டங்களில், எதிரணி துருக்கி, 2002 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற அணி. ரீகாவில் லாட்வியாவுக்கு 1–0 வெற்றி. 2003 நவம்பர் 19 அன்று இஸ்தான்புல்லில் இல்ஹான் மன்ஸிஸ், ஹாகான் ஷுகுர் அடித்த கோல்களால் துருக்கி 64-வது நிமிடத்தில் 2–0 ஆக்கியது. இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து துருக்கிக்கு 2–1, அப்படியே முடிந்தால் லாட்வியா வெளியே. இரண்டே நிமிடத்தில் யூரிஸ் லைசான்ஸின் ஃப்ரீ கிக் உள்ளே போனது. மொத்தம் 2–2, வெளிமைதானக் கோல் விதியால் (மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் என்ற அக்கால விதி) லாட்வியா முன்னே. துருக்கி அணி முன்னேறியே ஆக வேண்டும், பின்களம் திறந்தது, 78-ல் வெர்பகோவ்ஸ்கிஸ் அடித்தார். இனி துருக்கிக்கு இரண்டு கோல் தேவை, அது நடக்கவில்லை. பால்டிக் நாடு ஒன்று ஐரோப்பியக் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போனது அதுவே முதல் முறை. இந்தப் பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்த்த கூட்டத்துக்குத்தான் வருகை நிறைந்திருந்தது.

இறுதிச் சுற்று நடந்த போர்ச்சுகலில் லாட்வியப் பயிற்சியாளர் அலெக்சாண்டர்ஸ் ஸ்டார்கோவ்ஸ் 4-4-2 அமைப்பை (தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னே இருவர்) வைத்தார். நடுவில் அஸ்தாஃப்யெவ்ஸும் லோபனோவ்ஸும், ஓரங்களில் ப்ளெய்டெலிஸும் ரூபின்ஸும். செக் அணியிடம் முதல் பாதி முடிவில் 1–0 முன்னிலை, 73, 85-ஆம் நிமிடக் கோல்களால் 1–2 தோல்வி. ஜெர்மனியுடன் 0–0. நெதர்லாந்திடம் 0–3. கிடைத்தது ஒரு புள்ளி. ஆனால் ஜெர்மனி ஆட்டம் நம் அணிக்குப் பாடமாகவே வைக்கத்தக்கது. பந்து எதிரணியிடம் இருந்த நேரமே அதிகம். நடுக்கள நால்வர் தங்களுக்கும் பின்களத்துக்கும் இடைவெளி விடாமல் சுருங்கி நின்று, பந்து கிடைத்ததும் நேராக வெர்பகோவ்ஸ்கிஸை ஓடவிட்டார்கள். அவர் தனியாகவே ஜெர்மன் தடுப்பைத் திணறடித்தார். பெனால்டி கேட்டும் கிடைக்கவில்லை.

இதைப் பயிற்சியில் செய்தபோது தவறும் இடம் ஒன்றேதான். நடு இருவரில் ஒருவர் பந்தை நோக்கிப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் சாய்வாக, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். இருவரும் ஒரே கோட்டில் நின்றால் ஒரே பாஸில் இருவரும் தாண்டப்படுவார்கள். இருவருமே பந்துக்குப் போனால் தடுப்பாட்டக்காரர் வரிசை குலைத்து மேலே வரவேண்டியிருக்கும். வரும் பருவத்திலும் வாரத்தில் ஒரு நாள் இதற்கென ஒதுக்கக் கோருகிறேன். மைதானத்தின் நடுப்பகுதியைக் கூம்புகளால் 30-க்கு 20 மீட்டர் அடைத்து, நாலுக்கு நாலு ஆடினால் போதும். பந்து பறிபோன ஐந்து விநாடிக்குள் இரண்டாமவர் தன் இடத்தில் நிற்கிறாரா என்று ஒருவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

பதிவேடு பற்றி. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாள், எதிரணி, போட்டி வகை, இறங்கிய நிமிடம், வெளியேறிய நிமிடம், நின்ற இடம், கார்டு என ஏழு கட்டங்கள். இங்கிலாந்துப் பருவம் இரண்டு ஆண்டுகளில் பரவும், லாட்வியப் பருவம் ஒரே ஆண்டில் முடியும். பருவத்தின் பெயரை வைத்துப் பதிந்தால் அவர் அணி மாறிய இடங்களில் ஆட்டங்கள் இருமுறை ஏறிவிடுகின்றன; ஆகவே ஆட்ட நாள் ஒன்றையே அடிப்படையாக வைத்திருக்கிறோம். லீக் ஆட்டத்தையும் கோப்பை ஆட்டத்தையும் ஒரே கூட்டலில் சேர்க்கவும் கூடாது.

1994-ல் ஸ்கொன்டோ ஸ்காட்லாந்தின் அபர்டீனை 0–0, 1–1 என்று வெளிமைதானக் கோலால் வெளியேற்றியதும், 1999-ல் செல்சியிடம் லண்டனில் 0–3 தோற்று ரீகாவில் 0–0 ஆடியதும் பதிவேட்டின் தனிப் பக்கங்களில் உள்ளன. 1991 முதல் 2004 வரை லாட்விய லீக்கின் 14 பட்டங்களும் ஸ்கொன்டோவுக்கே போயின. அந்தக் கிளப் இன்று இல்லை என்பதால் அதன் ஆட்டக் குறிப்புகள் சிதறுவதற்குள் சேகரிப்பது அவசரம் என்று செயற்குழு கருதுகிறது.

அடுத்த ஆண்டுக்கு யூரிஸ் லைசான்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அதையும், வாராந்தர நடுக்களப் பயிற்சியையும், பதிவேட்டின் படியை உறுப்பினர் அனைவருக்கும் வழங்குவதையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயற்குழு சார்பில்,
செயலாளர்