மகளின் படிவத்தில் அப்பாவை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அங்கே பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் கம்பெனிகளில் சேரும் நம் பிள்ளைகளுக்கு வேலூர்ப் பக்கம் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. அரசு ரகசியங்களைக் கையாள அங்கே தரும் பாதுகாப்பு அனுமதிக்கான படிவத்தில் ஊரிலிருக்கும் சொந்தபந்தத்தைக் குறைத்துக் காட்டு, நிலம் இருந்தால் பெயரை மாற்றிவிடு என்று. என் மகளுக்கும் பாஸ்போர்ட், விசா வேலை பார்க்கும் ஒருவர் இதையே சொன்னார். கணியம்பாடியில் அவள் பெயரிலுள்ள மனையை எனக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாதாம். கட்டணம் தனி.

நான் கம்மவான்பேட்டைக்காரன். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கிய ஊர். ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இளைய மகன் இப்போதும் ராணுவத்தில் இருக்கிறான். அந்த அனுமதிக்காக மகள் நிரப்பும் எஸ்.எஃப்.-86 என்ற படிவமோ, பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் குடிமக்கள், என்ன வேலை, எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள், வெளிநாட்டு அரசோடோ ராணுவத்தோடோ அவர்களுக்குத் தொடர்பு உண்டா என்றெல்லாம் துருவுகிறது. கடைசிக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே இரண்டு 'ஆம்'. கேன்டீன் வரிசையில் நிற்கிற கிழவனுக்கு அமெரிக்காவில் இவ்வளவு மவுசா என்று என் மனைவி சிரிக்கிறாள்.

'ஆம்' என்று எழுதினாலே வேலை போய்விடும் என்பது வெறும் பயமுறுத்தல். அனுமதி தரலாமா என்று முடிவு செய்ய அமெரிக்க அரசு 2017 ஜூன் முதல் பின்பற்றும் 13 வழிகாட்டு விதிகளில் இரண்டாவது, வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றியது. உறவினர் வெளிநாட்டில் இருப்பதை அது குற்றமாக்கவில்லை. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு யாராவது விண்ணப்பிக்கும் இவரை மிரட்டவோ வளைக்கவோ முடியுமா, அப்படி ஒரு இக்கட்டு வந்தால் இவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதே கேள்வி. எந்த நாடு, உறவினருக்கு என்ன பதவி, ஊர்ச் சொத்தின் மதிப்பு என்ன, அமெரிக்காவில் இவர் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறார், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் தேசப் பாதுகாப்பின் பக்கமே முடிவு போகும், அனுமதி மறுக்கப்படலாம். அதையும் மறைப்பதற்கில்லை.

ஆனால் தெரிந்தே பொய் எழுதினால், நடத்தை பற்றிய இன்னொரு விதியிலும் மாட்டுவார்கள். அந்நாட்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. அதோடு, அந்தப் படிவம் வெளிநாட்டில் இப்போது நிலம் இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. எப்போதாவது இருந்ததா என்றும் கேட்கிறது. பத்திரத்தை மாற்றி என்ன பிரயோசனம்?

இந்தக் கெடுபிடி நமக்கொன்றும் புதிதில்லை. நம் வெளியுறவுப் பணி அதிகாரி வெளிநாட்டவரை மணக்க அரசின் முன் அனுமதி வேண்டும். நான் பட்டாளத்தில் சேர்ந்தபோதும் போலீஸ் ஊருக்கு வந்து விசாரித்தது.

எங்களுக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது பிறந்த தேதிதான். என் ஓய்வூதிய ஆவணத்தில் ஒன்று, ஆதாரில் வேறொன்று. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதியால் வந்த வினை. மகள் இரண்டையும் குறிப்பிட்டுக் காரணத்தையும் எழுதிவிட்டாள். பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோர், தங்கள் பிறந்த தேதி, பிறந்த ஊர், பணியாற்றிய துறை, ஆண்டு விவரங்களை ஆவணத்தோடு ஒத்துப்பார்த்து இப்போதே எழுதி அனுப்பி வைக்கலாம். ஆலோசனைக்குப் பணம் வாங்குகிறவர்களும் அந்தப் படிவத்தை ஒருமுறையாவது படித்துவிட்டுப் பேசட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.